பயம் இருந்திருந்தால் வந்த உடனே கேட்டிருப்பாங்கள்தானே?

போன சனிக்கிழமை நியூ ஜேர்சியில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டம். சாப்பாட்டு மேசையில் அகதித் தஞ்சம் கேட்கிறவர்களின் கதை வந்தது. இப்போது நாலு தமிழர் சேர்ந்தால் அதுதானே கதை. வேலை விசாவில் வந்து, கிறீன் கார்ட் எடுத்து, குடியுரிமையும் எடுத்துவிட்ட ஒரு அண்ணை ரோல்ஸைக் கடித்தபடி சொன்னார்: “உண்மையிலேயே பயம் இருந்திருந்தா வந்த உடன கேட்டிருப்பாங்கள்தானே? ரெண்டு மூண்டு வருஷம் கழிச்சுக் கேட்டா அது என்ன பயம்?”

மேசையில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். எனக்கு அந்த இடத்தில் வாய் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

அண்ணையை மட்டும் குறை சொல்ல முடியாது. அமெரிக்கச் சட்டமே அவர் மாதிரித்தான் யோசிக்கிறது. 1996இல் கிளின்டன் கையெழுத்திட்ட குடிவரவுச் சட்டம்தான் இந்தக் கெடுவைக் கொண்டுவந்தது. கடைசியாக நாட்டுக்குள் வந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் ஐ-589 என்ற தஞ்ச விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்துவிட வேண்டும். 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் அப்படி ஒரு கெடு கிடையாது. ஐ.நா. அகதிகள் அமைப்பின் நிறைவேற்றுக் குழு 1979இலேயே சொல்லிவிட்டது: நாடுகள் கால எல்லை வைக்கலாம், ஆனால் பிந்திவிட்டார் என்பதற்காக ஒருவருடைய விண்ணப்பத்தைப் பரிசீலிக்காமல் ஒதுக்கக்கூடாது.

பிறகு ஏன் வைத்தார்கள்? வேலை அனுமதிக்காகப் பொய்க் கேஸ் போடுகிறார்கள் என்பதுதான் அப்போதைய பெரிய புகார். ஆனால் அந்த ஓட்டையை 1995 ஜனவரியிலேயே அடைத்துவிட்டார்கள். கேஸ் போட்டு 150 நாள் கழித்துத்தான் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம், 180 நாளுக்கு முன் கையில் கிடைக்காது என்று விதி வந்தது. ஓட்டையை அடைத்த பிறகு கதவையும் சாத்தினார்கள் என்பதே என் எண்ணம்.

சரி, சட்டம் கிடக்கட்டும். எனக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஆளை அடையாளம் காணாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன்.

இலங்கையில் போர் முடிந்து இரண்டு வருடத்துக்குள் வந்தவர். மெக்சிக்கோ எல்லையால், யார் கண்ணிலும் படாமல். ஊரில் மனைவியும் நாலு வயது மகளும். வந்து ஒன்பதாவது மாதம் ஒரு லோயரிடம் போனார். நான் அங்கே சம்பளமில்லாமல் மொழிபெயர்க்கப் போவது வழக்கம். லோயர் வரும்வரை சும்மா இருக்க முடியாமல், நம் ஆட்கள் எல்லோரும் கேட்கும் அதே கேள்வியைக் கேட்டேன்: “நீங்கள் எந்த ஊர்?” சொன்னார். “ஓ, எங்கட சித்தி அங்கதான் கலியாணம் கட்டினவ” என்றேன். நெருக்கம் காட்டுவதாக நினைப்பு.

அன்றைக்கு அவர் சொன்னது மூன்று வசனம். பிடித்தார்கள். அடித்தார்கள். காசு கட்டி வெளியே வந்தேன். லோயர் எத்தனை விதமாகக் கேட்டும் அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. அடுத்த சந்திப்புக்கு ஆள் வரவேயில்லை.

இரண்டு வருடம் கழித்து வேறொரு லோயரிடம் போயிருக்கிறார். அங்கே தொலைபேசியில் மொழிபெயர்த்தது ஒரு தமிழ்நாட்டுப் பையன். இவருடைய ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரிந்திருக்காது. அவனிடம்தான் தடுப்பில் தன் உடம்புக்கு என்ன செய்தார்கள் என்று முதல்தடவையாகச் சொன்னார். அது அவருடைய மனைவிக்கும் தெரியாது. எனக்கே பல காலம் கழித்து அவராகச் சொல்லித்தான் தெரியும். “உங்கட சித்தி அங்க இருக்கிறா எண்டீங்கள், அதோட எனக்கு நாக்கு இழுத்துப் போச்சு” என்றார், சிரித்தபடி. எனக்குச் சிரிக்க முடியவில்லை.

வழக்கில் என்ன நடந்தது என்று கேளுங்கள். முன்பு பட்ட வன்முறையால் வந்த மனப்பாதிப்பு, பிந்தியதற்கு ஏற்கக்கூடிய காரணம் என்று விதியிலேயே இருக்கிறது. ஆனால் அந்த முதல் வருடத்தில் அவர் ஒரு வைத்தியரிடமும் போகவில்லை, துண்டுக் காகிதமும் இல்லை. ஒன்பதாவது மாதம் ஒரு லோயரிடம் போனதை அவரே சாட்சியத்தில் சொல்லிவிட்டார். லோயரிடம் போகத் தெரிந்தவருக்குப் படிவம் கொடுக்கத் தெரியாதா என்று அரச தரப்பு கேட்டது. பிந்தியதை மன்னிக்க நீதிபதி மறுத்தார்.

ஆனால் அவர் சொன்னதை நீதிபதி நம்பினார். அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அகதித் தஞ்சத்துக்குத் தேவைப்படும் ஆபத்தின் அளவு சிறியது. பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தாலே போதுமானதாகலாம் என்று 1987இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கெடு தவறியவருக்கு மிஞ்சுவது நாடுகடத்தலை நிறுத்திவைக்கும் உத்தரவு. அதற்குக் கெடு இல்லை, ஆனால் ஆபத்து பாதிக்கு மேல் என்று நிரூபிக்க வேண்டும். இவர் அதை நிரூபித்தார். உயர்ந்த தடையைத் தாண்டியவருக்குத் தாழ்ந்த தடையின் பரிசு இல்லை. தஞ்சம் கிடைத்திருந்தால் ஒரு வருடத்தில் கிறீன் கார்ட்டுக்குப் போடலாம், மனைவி பிள்ளையைக் கூப்பிடலாம். இந்த உத்தரவில் இரண்டும் இல்லை. வேலை செய்யலாம், அவ்வளவுதான். வேறொரு நாடு ஏற்றுக்கொண்டால் அங்கே அனுப்பவும் சட்டத்தில் இடமுண்டு. மகளுக்கு இப்போது மீசை வைத்த அப்பாவை வீடியோவில் மட்டும்தான் தெரியும்.

இதே சட்டத்தில் மாணவர் விசாவில் வந்தவரைப் பாருங்கள். விசா நிலை ஒழுங்காக இருக்கும்வரை ஒரு வருடக் கெடு அவரை இறுக்காது. நாலு வருடம் படித்துவிட்டு, அது முடிந்து நியாயமான காலத்துக்குள் போட்டாலும் ஏற்பார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. பயத்துக்கு அவகாசம் கொடுக்கலாம் என்று சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. வங்கிக் கணக்குக் காட்டி விசா எடுத்தவருக்கு அது கிடைக்கிறது, காட்டுக்குள்ளால் நடந்து வந்தவருக்கு இல்லை.

நம் ஆட்கள் பிந்துவதற்கு இன்னொரு காரணம், மேசையில் யாரும் சொல்லாதது. அமெரிக்கா 1997இல் புலிகளைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. அவர்கள் ஆண்ட வன்னியில் இருந்தவர் அவர்களுக்கு வரி கட்டாமல், சோறு கொடுக்காமல் எப்படி இருந்திருப்பார்? அதைச் சொன்னால் பயங்கரவாத அமைப்புக்குப் ‘பொருளுதவி’ என்று தஞ்சத்துக்குத் தடை விழும். கட்டாயத்தின் பேரில் செய்தவர்களுக்கு விலக்குக் கொடுக்க வழியுண்டு, ஆனால் அது படிவம் நிரப்பப் பயப்படுகிறவருக்கு எப்படித் தெரியும்?

பிந்தியவர்கள் யாராவது இதை வாசித்தால்: கதவு முழுதாகப் பூட்டவில்லை. ஊரில் நிலைமை மாறியிருந்தால் அது ஒரு காரணம். கோத்தபாய ராஜபக்ச ஜனாதிபதியான 2019 நவம்பருக்குப் பிறகு அப்படிப் போட்டவர்கள் உண்டு. இங்கே வந்தபின் நீங்கள் செய்த அரசியல் வேலை, மதமாற்றம், கடும் சுகவீனம், முதல் லோயர் கவிழ்த்துவிட்டது, இவையும் காரணங்கள்தான். ஆனால் காரணம் ஒன்று கிடைத்ததும் இரண்டாவது கடிகாரம் ஓடத் தொடங்கும். அதற்குப் பிறகும் ஒரு வருடம் இழுத்தால் பொதுவாக ஏற்க மாட்டோம் என்று குடிவரவு மேன்முறையீட்டுச் சபை 2010இல் சொல்லிவிட்டது. ‘அடுத்த ஜனாதிபதி வரட்டும்’ என்று இருக்காதீர்கள். வந்த திகதியை மாற்றிப் போடலாம் என்று சொல்கிறவரிடமிருந்து எழும்பி வந்துவிடுங்கள். தெரிந்தே பொய் விண்ணப்பம் கொடுத்ததாக முடிவானால், அதற்குப் பிறகு எந்தக் குடிவரவு உதவியும் ஆயுளுக்கும் இல்லை.

கனடாவில் இருக்கிறவர்களுக்கும் இது தூரத்துக் கதை இல்லை. 2025 ஜூனில் அங்கே கொண்டுவந்த மசோதாவிலும் இதே ஒரு வருடம்தான். அதுவும் 2020 ஜூன் 24க்குப் பிறகு முதல்தடவை உள்ளே வந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள். 2022இல் மருமகளின் சாமத்தியவீட்டுக்கு வந்து திரும்பிப் போன ஒருவர், 2025இல் உயிருக்குப் பயந்து வந்து இறங்கினால், அவருடைய கெடு எப்போதோ முடிந்திருக்கும். அங்கே அகதிச் சபையின் விசாரணைக்குப் பதிலாக நாடுகடத்த முன் செய்யும் ஆபத்து மதிப்பீடுதான் மிஞ்சும். இதற்கு அமெரிக்கா பரவாயில்லை போல.

சனிக்கிழமைக்குத் திரும்புகிறேன். கேக் வெட்டி முடிந்து நான் கோட்டை எடுத்துக்கொண்டு வெளிக்கிட, அந்த அண்ணை வாசலடிக்கு வந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“தங்கச்சி, நீர் இந்த லோயர்மாரோட வேலை செய்யிறனீர் என்னே? என்ர மனிசியின்ர சொந்தத்தில ஒரு பெடியன். வந்து ரெண்டு வருஷமாகுது, இன்னும் ஒண்டும் போடேல்லை. ஆளோட கதைச்சா ஒண்டும் சொல்லுறானில்லை.”

எந்தத் திகதியில் வந்தவர், என்ன விசா என்று கேட்டேன். ஊர் கேட்கவில்லை.