சும்மா கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை

இன்சுலின் போடுகிற ஆள் ஒருவராவது இல்லாத தெரு நம் ஊரில் இருக்காது. ஆனால் அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஃபிரெடரிக் பேண்டிங் எப்படி இறந்தார் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. 1941 பிப்ரவரி 20 அன்று, நியூஃபவுண்ட்லாந்தின் கேண்டர் தளத்திலிருந்து பிரிட்டனுக்கு டெலிவரிக்காகக் கிளம்பிய புத்தம்புது ஹட்சன் குண்டுவீச்சு விமானத்தில் அவர் பயணியாகப் போனார். கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே ஒரு எஞ்சின் போனது. திரும்பி வரும்போது அடுத்ததும் தளர்ந்தது. மஸ்கிரேவ் ஹார்பர் பக்கம் காட்டுக்குள் விழுந்தது. விமானி ஜோசப் மேக்கி பிழைத்தார். பேண்டிங் உட்பட மற்ற மூவரும் இறந்தார்கள்.

இரண்டாம் உலகப் போர் பற்றிய பதிவுகளில் இந்த மாதிரி விபத்துகளைச் சொன்னால் உடனே ஒரு கமெண்ட் வரும்: "சண்டையில சாகல, சும்மா ஃபிளைட்ட கொண்டுபோய்க் குடுக்கப் போய்ச் செத்தாங்க." அந்த "சும்மா"தான் தப்பு. சண்டைக்குப் போகும் விமானத்துக்கு ரேடியோ இருக்கும், வழிகாட்டி இருப்பார், அந்த ரகத்திலேயே பல மாதம் ஓட்டிய விமானி இருப்பார். டெலிவரியில் இவற்றில் ஒன்றோ இரண்டோ, சில சமயம் மூன்றுமே இருக்காது. தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த விமானத்தின் சில்லறைக் கோளாறுகள் தெரிய வருவதும் அந்த முதல் சில மணி நேரங்களில்தான்.

ஹட்சனையே எடுத்துக்கொள்வோம். அது அட்லாண்டிக் தாண்டச் செய்த விமானம் இல்லை. கேண்டரிலிருந்து வட அயர்லாந்தின் ஆல்டர்குரோவ் சுமார் 3400 கிலோமீட்டர். அதற்காக உள்ளே கூடுதல் பெட்ரோல் டாங்குகளை வைத்தார்கள். டாங்க் நிறைந்திருக்கும் முதல் சில மணி நேரத்தில் ஒரு எஞ்சின் நின்றால், மீதி ஒற்றை எஞ்சினால் அந்த எடையை உயரத்தில் பிடித்து வைக்க முடியாது. எடை குறையும்வரை எஞ்சின் தாங்க வேண்டும், அவ்வளவுதான் பாதுகாப்பு. இதோடு பனி. சிறகில் படிந்தால் எடை கூடி, தூக்குவிசை குறையும். கார்புரேட்டரில் படிந்தால் எஞ்சின் மூச்சுத்திணறும். பிராப்பெல்லரில் படிந்து பிய்ந்து பறக்கும் கட்டிகள் விமானத்தின் உடம்பிலேயே வந்து மோதும். 1940 நவம்பரில் டான் பென்னட் என்ற விமானியின் தலைமையில் போன முதல் ஏழு ஹட்சன்களும் பத்திரமாகச் சேர்ந்ததால், இது முடிகிற காரியம்தான் என்ற நம்பிக்கை வந்துவிட்டது. முடிகிற காரியம்தான், விலை மட்டும் பிறகு தெரிந்தது.

யாரும் கண்டுகொள்ளாத இன்னொரு பக்கம், திரும்பி வருவது. விமானத்தை இறக்கிவிட்ட விமானியைக் கப்பலில் திருப்பி அனுப்பினால் வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் அந்தப் பக்கம் புது விமானங்கள் ஆளில்லாமல் நிற்கும். அதனால் லிபரேட்டர்களில் ஏற்றி அனுப்பினார்கள். குண்டுவீச்சு விமானம் அது, இருக்கை கிடையாது. குண்டு வைக்கும் இடத்தில் பலகை போட்டு, குளிரில் படுத்தபடி போவார்கள். 1941 ஆகஸ்ட் 10 அன்று ஸ்காட்லாந்தின் ஏர் பக்கத்திலிருந்து கிளம்பிய லிபரேட்டர் மேகத்துக்குள் ஆரன் தீவு மலையில் மோதியது. உள்ளே இருந்த 22 பேரும் இறந்தார்கள். நாலே நாள் கழித்து அதே தளத்தில் இன்னொரு லிபரேட்டர், ஓடுதளம் முடிந்தும் மேலே எழாமல் நொறுங்கியது. மறுபடியும் 22 பேர். அமெரிக்காவில் பிரிட்டனுக்காக ஆயுதக் கொள்முதலைக் கவனித்த ஆர்தர் பர்விஸ் அதில் ஒருவர். செப்டம்பர் 1 அன்று கனடாவிலிருந்து வந்த மூன்றாவது லிபரேட்டர் ஸ்காட்லாந்தின் கின்டைர் குன்றில் மோதி 10 பேர். மூன்று வாரத்தில் 54 உயிர்கள், பலரும் இந்த டெலிவரி வேலையில் (ஃபெர்ரி) அனுபவமுள்ளவர்கள். ஒரு தோட்டாகூடச் செலவில்லாமல் ஜெர்மனிக்குக் கிடைத்த லாபம் இது.

பிரிட்டனுக்குள்ளேயே விமானங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது ஏடிஏ (ஏர் டிரான்ஸ்போர்ட் ஆக்ஸிலியரி), சிவிலியன் அமைப்பு. போர் முடிவதற்குள் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட டெலிவரிகள். இறந்தவர்கள் 170 பேருக்கு மேல். இவர்களிடம் எனக்குப் பிடித்தது அந்தச் சின்ன வளையப் புத்தகம். ஒரு ரகத்துக்கு ஒரு அட்டை. ஏறும்போது ஃபிளாப் (சிறகின் பின்விளிம்பில் இறங்கும் மடிப்பு) எவ்வளவு, எந்த வேகத்தில் இறங்க வேண்டும், பெட்ரோல் குழாய்த் திருகு எந்தப் பக்கம், எல்லாம் அதில் இருக்கும். விமானங்களை ஆறு வகுப்பாகப் பிரித்து, வகுப்புக்குத்தான் பயிற்சி கொடுத்தார்கள், ரகத்துக்கு இல்லை. அதனால் ஒருவர் காலையில் ஸ்பிட்ஃபயர், மதியம் வெலிங்டன், சாயங்காலம் வாழ்நாளில் பார்த்தே இராத ஒன்று என்று ஓட்டுவது சாதாரணம். அட்டையைப் படித்துவிட்டு ஏற வேண்டியதுதான்.

ஒரே பெயரில் இரண்டு குணம் உள்ள விமானம் இதில் பெரிய ஆபத்து. மெர்லின் எஞ்சின் வைத்த ஸ்பிட்ஃபயர் ஓடுதளத்தில் வேகமெடுக்கும்போது இடப்பக்கம் இழுக்கும். அதனால் வால் சுக்கானான ரடரை வலப்பக்கம் மிதித்து, அதை ஒரு பக்கமாகவே பிடித்து வைக்க உதவும் ட்ரிம் சக்கரத்தையும் முழுதாக வலப்பக்கம் வைப்பார்கள். பின்னால் வந்த கிரிஃபன் எஞ்சினில் பிராப்பெல்லர் எதிர்த்திசையில் சுற்றும், இழுப்பு வலப்பக்கம். பழக்கதோஷத்தில் ட்ரிம்மை மெர்லினுக்கு வைப்பதுபோல் வைத்து த்ராட்டிலைத் தள்ளினால், இழுப்பும் ட்ரிம்மும் ஒரே பக்கம் சேர்ந்து, ஓடுதளத்தை விட்டே வெளியே கொண்டுபோய்விடும். தரையிலும் நிம்மதி இல்லை. இறங்கியிருக்கும் சக்கரக்கால் ரேடியேட்டருக்குப் போகும் காற்றை மறைக்கும். வரிசையில் நின்று காத்திருந்தால் எஞ்சின் கொதித்துவிடும். பழகிய ஆளுக்கு இது கை தானாகச் செய்கிற விஷயம். அட்டை பார்த்து ஓட்டுபவர் ஒவ்வொன்றையும் நினைவில் வைத்துச் செய்ய வேண்டும்.

ஏடிஏ விமானங்கள் ரேடியோ இல்லாமலே பறந்தன. அதனால் மேகத்தின் அடிமட்டம் 800 அடிக்குக் கீழே இருந்தால், அல்லது கண்ணுக்கு 2000 கெஜம் தெரியாவிட்டால் கிளம்பக்கூடாது, மேகத்துக்கு மேலே ஏறவே கூடாது என்று விதி. என் பார்வையில் அந்தப் போரில் எழுதப்பட்ட மிகப் புத்திசாலித்தனமான விதிகளில் ஒன்று அது. ஏமி ஜான்சன், 1930-இல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியே பறந்தவர், 1941 ஜனவரி 5 அன்று பிளாக்பூலிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்திலுள்ள கிட்லிங்டனுக்கு 'ஏர்ஸ்பீட் ஆக்ஸ்ஃபோர்டு' என்ற ரக விமானம் ஒன்றை ஏடிஏவுக்காக எடுத்துப் போனார். குறுகிய பயணம். மூன்றரை மணி நேரத்துக்கும் மேல் கழித்து, போக வேண்டிய இடத்திலிருந்து ஏறத்தாழ நூறு மைல் தள்ளி, தேம்ஸ் முகத்துவாரத்தில் பாராசூட்டில் இறங்கினார். காப்பாற்றக் குதித்த ஹேசில்மியர் கப்பலின் கமாண்டர் வால்டர் ஃபிளெட்சரும் குளிரில் விறைத்து இறந்தார். ஏமியின் உடல் கிடைக்கவில்லை. சுட்டு வீழ்த்தினார்கள், ரகசியப் பணி என்றெல்லாம் கதைகள் ஓடுகின்றன. எனக்கு அவை தேவைப்படவில்லை. ரேடியோ இல்லாமல் மேகத்துக்கு மேலே மாட்டிக்கொண்டால், கீழே இருப்பது மலையா, தடுப்பு பலூனின் கம்பியா, கடலா என்று தெரியாது. பெட்ரோல் தீரும்வரை மேகத்தில் ஓட்டையைத் தேடிச் சுற்றுவதைத் தவிர வழியில்லை.

அமெரிக்காவிலிருந்து கிரீன்லாந்து, ஐஸ்லாந்து வழியாக பிரிட்டனுக்குப் போவது இன்னொரு உலகம். அங்கே திரும்பிப் போக இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 1942 ஜூலை 15 அன்று ஆறு பி-38 சண்டை விமானங்கள், இரண்டு பி-17 குண்டுவீச்சு விமானங்கள் ஐஸ்லாந்துக்குப் போகும் வழியில் வானிலை மூடித் திரும்பின, பெட்ரோல் தீர்ந்து பனிப்பரப்பில் இறங்கின. முதலில் இறங்கிய பி-38 சக்கரத்தை இறக்கிக்கொண்டு வந்தது. சக்கரம் பனியில் புதைந்து விமானம் குப்புறக் கவிழ்ந்தது. அதைப் பார்த்த மற்றவர்கள் சக்கரத்தை மடக்கி வயிற்றாலேயே வழுக்கி இறக்கினார்கள். 25 பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள். அதற்கு முந்தைய மாதம் இதேபோல் இறங்கிய 'மை கேல் சால்' என்ற பி-17 ஆட்கள் செய்ததை மெக்கானிக்குகள் ரசிப்பார்கள்: பிராப்பெல்லரின் வளைந்த அலகுகளை ரம்பத்தால் அறுத்துக் குட்டையாக்கி எஞ்சினை ஓட்டி, ரேடியோவுக்கு மின்சாரம் எடுத்தார்கள். உதவி வந்தது.

இத்தனைக்கும் பிறகு அறிக்கைகளில் "விமானி பிழை" என்று ஒற்றை வரியில் முடிப்பதுதான் எனக்குக் கோபம். 1944 நவம்பர் 23, அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தின் கிரேட் ஃபால்ஸ் தளம். சோவியத்துக்கு அனுப்ப வேண்டிய பி-63 சண்டை விமானங்கள், வானிலையால் தேங்கியவை எல்லாம் ஒரே நேரத்தில் வந்து இறங்குகின்றன. பெண் விமானி ஹேசல் யிங் லீ அதில் ஒன்றை ஓட்டி இறங்க வருகிறார். அவருக்கு நேர் மேலே இன்னொரு பி-63, அதன் ரேடியோ வேலை செய்யவில்லை. மேலே தூக்கு என்று கோபுரம் கத்துகிறது. கேட்டது லீக்குத்தான். அவர் தூக்கினார், மேலே இருந்ததில் மோதினார். இரண்டு நாளில் இறந்தார். சொன்னதைச் செய்தவரின் பிழையா அது? ரேடியோ கெட்ட விமானத்தை நெரிசலான தளத்துக்கு அனுப்பிய அவசரத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

லீ இருந்தது வாஸ்ப், அமெரிக்க ராணுவத்துக்காக விமானம் ஓட்டிய பெண்களின் அமைப்பு. அதில் இறந்த பெண்கள் 38 பேர். சிவிலியன்கள் என்பதால் ராணுவ மரியாதை கிடையாது. உடலை ஊருக்கு அனுப்பும் செலவுகூடக் குடும்பத்தின் தலையில், இல்லையென்றால் கூட வேலை பார்த்த பெண்கள் காசு போட்டு அனுப்பினார்கள். முன்னாள் படைவீரர் தகுதியை அமெரிக்கா 1977-இல்தான் கொடுத்தது. பிரிட்டன் அதைவிட மெதுவு. ஏடிஏ ஆட்களில் மிச்சமிருந்தவர்களுக்கு அரசு ஒரு பேட்ஜ் கொடுத்தது 2008-இல், அந்தச் சமயத்தில் வாங்கிக்கொள்ள உயிரோடு இருந்தவர்கள் வெகு சிலரே.