அந்தேரிக்கு வந்தது 'த்ரில்லர்' விளம்பரத்துக்கு இல்லை

மேலே ஒருவர், 1996இல் மைக்கேல் ஜாக்சன் மும்பை வந்தது 'த்ரில்லர்' ஆல்பத்தை விற்கத்தான் என்று எழுதியிருக்கிறார். பதினான்கு வருடம் தவறு. 'த்ரில்லர்' 1982 நவம்பரிலேயே வந்துவிட்டது.

1996 நவம்பர் 1 அந்தேரி விளையாட்டரங்கக் கச்சேரி 'ஹிஸ்டரி' உலகச் சுற்றுப்பயணத்தின் ஒரு பகுதி. செப்டம்பரில் பிராக் நகரில் தொடங்கிய பயணம் அது. அதே பெயரிலான 'ஹிஸ்டரி' ஆல்பம் 1995 ஜூனில் வெளியானது, இரண்டு வட்டு. குழப்பம் இங்கேதான்: முதல் வட்டு முழுக்கப் பழைய ஹிட் பாடல்கள் 15, அதில் 'பில்லி ஜீன்', 'பீட் இட்' எல்லாம் 'த்ரில்லர்' சரக்கு. மேடையிலும் அவற்றைப் பாடினார். புதிய பாடல்கள் எல்லாம் இரண்டாவது வட்டில். விளம்பரத்துக்காக அவருடைய ராட்சதச் சிலை ஒன்றை லண்டன் தேம்ஸ் நதியில் மிதக்கவிட்டார்கள். அந்தக் கூத்தெல்லாம் இதற்குத்தான்.

அப்புறம், 'த்ரில்லர் வீடியோ வந்ததும் ஆல்பம் முதலிடம்' என்பதும் தலைகீழ். அமெரிக்காவில் 1983 பிப்ரவரியிலேயே முதலிடம். வீடியோ வந்தது அந்த டிசம்பரில். இறங்கத் தொடங்கிய விற்பனையை மறுபடி தூக்கிவிட்டது, அவ்வளவுதான்.

நான் அப்போது செம்பூரில் பள்ளிச் சிறுவன். டிக்கெட் விலையைச் சொன்னதும் அப்பா முறைத்த முறைப்பில் தேதி மனதில் பதிந்துவிட்டது.