ரிப்பன் வெட்டும் படம் போதும், சட்டத்தைச் சொல்லுங்கள்

கலிபோர்னியா சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் தொகுதி மக்களுக்கு அனுப்பிய செய்திமடலை நீங்கள் இங்கே சுருக்கித் தந்தது நல்ல காரியம், ஆனால் அதில் பாதி அவர் ரிப்பன் வெட்டும் படங்கள்தான். வாடகைக்கு இருப்பவர்களுக்கு முக்கியமான சட்டம் எங்கே? 2024 ஜூலை 1 முதல் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் ஒரு மாத வாடகைக்கு மேல் டெபாசிட் கேட்கக் கூடாது, ஓரிரு வீடு மட்டும் வைத்திருக்கும் சிறு உரிமையாளர்கள் என்றால் இரண்டு மாதம் வரை போகலாம், இது தெரியாமல் கேட்டதைக் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. அப்புறம் பாதசாரிகள் சாலையைக் கடக்கும் கிராஸ்வாக்குக்கு முன்னால் 20 அடிக்குள் காரை நிறுத்தினால் 2025 முதல் அபராதம். ஓரத்தில் நிறுத்தக் கூடாது என்று காட்டும் சிவப்புப் பெயின்ட் இல்லையே என்று நிறுத்திவிட்டுப் போனால் திரும்பி வரும்போது வைப்பரில் சீட்டு செருகியிருக்கும், பெயின்ட் அடித்திருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை.

ஓட்டுநர் உரிமமும் வாகனப் பதிவும் பார்க்கும் டிஎம்வியோ வேலையின்மை உதவித்தொகையோ இழுத்தடித்தால் அந்தச் சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி அலுவலகத்தில் சொல்லலாம், காசு வாங்காமல் விசாரித்துத் தருவார்கள். விசா, சோஷியல் செக்யூரிட்டி எல்லாம் மத்திய அரசு விவகாரம், அதற்கு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் அலுவலகம்தான். இந்த உதவியைப் போய்ச் செய்திமடலின் கடைசியில் ஒற்றை வரியில் ஒதுக்கியிருக்கிறார்கள், நீங்களாவது மேலே போட்டிருக்கலாம்.