அவளே வந்து சொன்னாள்

இதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நேற்று ராத்திரி வரைக்கும் இருந்தேன். மருந்தை வேகமாக ஏற்றிவிட்டேன் என்று ஒரு நர்சிங் மாணவி தானே எழுதிக் கொடுத்த கடிதத்தின் படம் நான் இருக்கும் மூன்று குழுக்களில் வந்துவிட்டது. கடைசியாக என்னிடம் படித்த மாணவி ஒருத்தியே "மேடம், இது பார்த்தீங்களா" என்று கேட்டு, சிரிக்கிற முகத்தோடு அனுப்பினாள். அவளை நான் நன்றாகத்தான் பயிற்றுவித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் தூக்கம் வரவில்லை.

எந்தக் கடிதம் என்று உங்களுக்கே தெரியும். அதை இங்கே மறுபடி ஒட்டப் போவதில்லை. கமெண்டிலும் யாரும் போடாதீர்கள், போட்டால் நீக்கிவிடுவேன்.

சிரித்தவர்களில் எத்தனை பேர் அதை முழுதாகப் படித்தீர்கள்? மூன்றாம் ஆண்டு நர்சிங் மாணவி. வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் 500 மில்லிகிராம், 100 மில்லி சலைனில் கலந்தது. குறைந்தது ஒரு மணி நேரம் ஓட வேண்டிய மருந்து. ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் ட்ரிப் குழாய் செட் என்றால் நிமிடத்துக்கு 33 சொட்டு. அவள் வைத்தது ஏறத்தாழ 67 சொட்டு. பத்து நிமிடத்தில் நோயாளிக்குக் கழுத்தும் முகமும் சிவந்து அரிப்பு எடுத்திருக்கிறது. பார்த்தவுடன் குழாயின் கிளாம்பை மூடிவிட்டு ஓடிப்போய் ஸ்டாஃப் சிஸ்டரிடம் சொல்லியிருக்கிறாள். டாக்டர் வந்து பார்த்தார், சிவப்பு அடங்கியது, அதே மருந்தை மெதுவாக ஓட்டி முடித்தார்கள். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரியும்? அவளே எழுதிக் கொடுத்ததால்தான் தெரியும்.

இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அவளே வந்து சொன்னாள். யாரும் கையும் களவுமாகப் பிடிக்கவில்லை. "மருந்து ஒத்துக்கலை சிஸ்டர், உடம்பெல்லாம் சிவந்திடுச்சு" என்று ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால் போதும், தப்பித்திருப்பாள். வார்டில் யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். வேகமாக ஓடினால் வருகிற சிவப்பும் அலர்ஜியில் வருகிற சிவப்பும் பார்வைக்கு ஒன்று போலத்தான் இருக்கும்.

அப்படி அவள் தப்பித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா? அந்த நோயாளியின் கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் "வான்கோமைசின் அலர்ஜி" என்று ஏறியிருக்கும். ஒருமுறை ஏறினால் அது லேசில் இறங்காது. வேறு மருந்துகளுக்கு மசியாத ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி பின்னாளில் ரத்தத்தில் கலந்தால், முதலில் எடுக்க வேண்டிய மருந்தையே டாக்டர் தயங்கி ஒதுக்கி வைப்பார். அவள் உண்மையைச் சொன்னதால் அது "வேகமாக ஓடியது" என்று பதிவானது. மெதுவாகக் கொடுத்தால் அவருக்கு அது ஒத்துக்கொள்ளும் என்பதும் அன்றைக்கே தெரிந்துவிட்டது. அந்த நோயாளிக்கு அந்தப் பெண் செய்த நல்லது இது. அந்தக் கடிதத்தைத்தான் ஊர் முழுக்கச் சுற்றவிட்டுச் சிரிக்கிறீர்கள்.

"சொட்டு எண்ணத் தெரியாதவளுக்கு எதுக்கு யூனிஃபார்ம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் இந்தத் துறையில் இல்லாதவராக இருந்திருந்தால் விட்டிருப்பேன். அவரும் வார்டில் நிற்பவர்தான்.

சகோதரரே, உங்களுக்கும் எனக்கும் முதல் ஆண்டிலேயே ஐந்து சரிகளை மனப்பாடம் செய்யவைத்தார்கள். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். அந்தப் பெண்ணின் கணக்கில் இந்த ஐந்தும் சரியாக இருந்தன. தவறியது வேகம். அது இந்த ஐந்தில் இல்லவே இல்லை. ஆர்டர் ஷீட்டிலும் மருந்தும் அளவும் எத்தனை மணிக்கு என்பதும்தான் இருந்ததாம், எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்று யாரும் எழுதவில்லை. அதே ட்ரேயில், அதே அளவு 100 மில்லி பாட்டிலில் செஃப்ட்ரையாக்சோன் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக் இருந்திருக்கிறது. அது அரை மணியில் போகிற மருந்து. காலையிலிருந்து நான்கு பேருக்கு அதை ஓட்டிய கை, ஐந்தாவது பாட்டிலையும் அதே பழக்கத்தில் திறந்துவிட்டது. இதை அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பழகிய கை செய்கிற வேலை இது, இருபது வருடம் பழகிய என் கையும் செய்யும். வான்கோமைசின் பாட்டிலில் "60 நிமிடம்" என்று ஒரு லேபிள் ஒட்டியிருந்தால் அந்தக் கை நின்றிருக்கும். அவள் கடிதத்தைப் படித்த பிறகு அந்த வார்டில் யாராவது லேபிள் ஒட்டினார்களா? கடிதத்தைப் படம் எடுக்க நேரம் இருந்திருக்கிறதே, அதனால் கேட்கிறேன்.

இப்போது என்ன எழுதப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். "உங்க அம்மாவுக்கு இப்படி நடந்திருந்தா இவ்வளவு நியாயம் பேசுவீங்களா மேடம்?"

பேசுவேன். என் அம்மா படுத்திருக்கிற கட்டிலுக்குப் பக்கத்தில் தவறே செய்யாத நர்ஸ் வேண்டும் என்று நானும் ஆசைப்படுவேன். ஆனால் அப்படி ஒருவர் கிடையாது. கிடைக்கப்போவது இரண்டே வகை. தவறினால் உடனே ஓடிவந்து சொல்கிறவர், தவறினால் மறைக்கிறவர். என் அம்மாவுக்கு முதல் வகைதான் வேண்டும். உங்கள் அம்மாவுக்கு எது வேண்டும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். யோசிக்கும்போது இதையும் சேர்த்து யோசியுங்கள்: இந்தக் கடிதத்தைப் பார்த்த ஆயிரக்கணக்கான மாணவிகள் நேற்று ஒரு பாடம் கற்றுக்கொண்டார்கள். சொன்னால் இதுதான் கதி என்ற பாடம். அவர்கள்தான் நாளைக்கு உங்கள் அம்மாவின் வார்டுக்கு வரப்போகிறார்கள்.

"எங்க காலத்துல திட்டு வாங்கித்தான் கத்துக்கிட்டோம்" என்கிற சீனியர்களுக்கு என்னுடைய கதையையே சொல்கிறேன். இதை இதுவரை எங்கும் எழுதியதில்லை. என் வீட்டுக்காரருக்கே பாதிதான் தெரியும்.

நான் இரண்டாம் ஆண்டு படித்தபோது மெடிக்கல் வார்டில் நைட் டியூட்டி. எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். ஒரே பெயரில் இரண்டு பெரியவர்கள், நடுவில் ஒரு கட்டில் மட்டும் இடைவெளி. ஒருவருக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும். இன்னொருவர் காய்ச்சலுக்காக வந்தவர். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், "ஆமாம்மா" என்றார், மாத்திரையைக் கொடுத்துவிட்டேன். ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் அம்லோடிபின், 5 மில்லிகிராம். திரும்பி ட்ராலிக்கு வந்து ஷீட்டைப் பார்த்தபோதுதான் கால் நடுங்கியது. கொடுத்தது காய்ச்சல்காரருக்கு.

நான் சொல்லவில்லை.

இன்சார்ஜ் சிஸ்டர் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பத்தடியை என்னால் நடக்க முடியவில்லை. அதற்கு முந்தைய வாரம் ஒரு சீனியர் மாணவியை ரவுண்ட்ஸில் எல்லோர் முன்னாலும் நிற்கவைத்து அவர்கள் பேசிய பேச்சு என் காதிலேயே இருந்தது. விடியும்வரை அரை மணிக்கு ஒருமுறை போய் அந்தக் காய்ச்சல்காரருக்கு பி.பி. பார்த்தேன். 110, 106, 104. "ஏம்மா, மனுஷனைத் தூங்க விடமாட்டியா" என்றார் அவர். காலையில் நன்றாகத்தான் இருந்தார். நானும் தப்பித்தேன் என்று நினைத்தேன்.

நான்கு நாள் கழித்து, அதே வார்டில், அதே இரண்டு பேருக்கு நடுவில் என் வகுப்புத் தோழியும் ஆள் மாற்றிக் கொடுத்துவிட்டாள். இந்த முறை மாறியது சர்க்கரை மாத்திரை. காய்ச்சலில் சரியாகச் சாப்பிடாமல் கிடந்த அந்தப் பெரியவர் வேர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறி, நினைவு தப்பும் நிலைக்குப் போய்விட்டார். டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசலை ஏற்றி அவரை மீட்டார்கள். அவளை யாரும் மீட்கவில்லை. வார்டு நடுவில் நிற்கவைத்தார்கள், கிளாஸில் நிற்கவைத்தார்கள், வீட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். அந்த விடுமுறைக்குப் போனவள் திரும்பி வரவேயில்லை.

அவள் அழுதபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த இரண்டு பேர் அருகருகே படுத்திருப்பது ஆபத்து என்று அந்த வார்டில் தெரிந்த ஒரே ஆள் நான். நான்கு நாள் முன்பே தெரியும். அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் ஒருவரை வேறு வரிசைக்கு மாற்றியிருப்பார்கள், ஷீட்டில் பெரிதாக ஒரு குறி போட்டிருப்பார்கள், அவள் இன்று எங்கேயோ இன்சார்ஜாக இருந்திருப்பாள். திட்டுக்குப் பயந்து நான் கற்றுக்கொண்டது மறைப்பதை மட்டும்தான். மருந்து கொடுப்பதைக் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகு, அவளுடைய கண்ணீரைப் பார்த்து. அதனால் திட்டு வாங்கித்தான் கற்றோம் என்று என்னிடம் மட்டும் சொல்லாதீர்கள்.

இது என் ஒருத்தியின் அனுபவம் என்று தள்ள வேண்டாம். எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனை வார்டுகளில் மருந்துத் தவறுகளைப் பற்றி ஆராய்ந்து 1996-ல் எழுதினார். நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது, அங்கேதான் பதிவான தவறுகள் அதிகம். பிறகுதான் புரிந்தது, அந்த வார்டுகளில் நர்ஸ்கள் பயப்படாமல் பேசினார்கள். மற்ற வார்டுகளில் வாயைத் திறக்கவில்லை. விமானத் துறையில் இதை 1976-லேயே புரிந்துகொண்டார்கள். அமெரிக்காவில் விமானி தன் தவறைத் தானே எழுதி அனுப்பினால் அது தண்டிக்கிற துறைக்குப் போகாது, நாசாவுக்குப் போகும். அங்கே பெயரை நீக்கிவிட்டு மற்றவர்களுக்குப் பாடமாக்குகிறார்கள். நம்மிடம் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பாடத்தை நீக்கிவிடுகிறார்கள்.

இன்று வார்டு அலமாரியில் அடர் பொட்டாசியம் குளோரைடு ஆம்ப்யூலைக் கண்டபடி வைக்கக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது? யார் யாரோ அதை வேறு மருந்து என்று நினைத்து ஏற்றி, நோயாளிகள் இறந்து, அது வெளியே தெரிந்ததால் வந்தது. இன்சுலின் அளவை எழுதும்போது யூனிட் என்பதை முழுதாக எழுதச் சொல்கிறார்களே, அது? ஆங்கிலத்தின் U என்ற ஒற்றை எழுத்துச் சுருக்கத்தைப் பூஜ்ஜியமாகப் படித்து 4 யூனிட்டை 40 ஆக்கியவர்கள் இருந்ததால் வந்தது. நீங்கள் பெருமையாகப் பின்பற்றும் பல விதிகளுக்கு அடியில் யாரோ ஒருவரின் இப்படிப்பட்ட கடிதம் இருக்கிறது.

அமெரிக்காவின் டென்னசி வழக்கைச் சிலர் இழுத்திருந்தார்கள். 2017-ல் மயக்க மருந்துக்குப் பதிலாகத் தசையைச் செயலிழக்கவைக்கும் மருந்தை ஒரு நர்ஸ் கொடுத்து நோயாளி இறந்துபோனார், 2022-ல் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. அங்கே ஓர் உயிர் போயிருக்கிறது, பல எச்சரிக்கைகளைத் தாண்டித்தான் அந்த மருந்து எடுக்கப்பட்டது. இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அவரும் தவறை ஒப்புக்கொண்டவர்தான். தீர்ப்பு வந்தபோது அமெரிக்க நர்ஸ்கள் சங்கமே, இனி யாரும் முன்வந்து சொல்லமாட்டார்கள் என்று கவலைப்பட்டது. அந்த வழக்கைக் கொண்டுவந்து ஒரு மாணவியின் 33 சொட்டுக் கணக்கோடு ஒட்டவைப்பது நியாயமே இல்லை.

மன்னித்துக்கொண்டே இருந்தால் அலட்சியம் வளராதா என்று கேட்ட தம்பிக்கு: வளரும். மருந்தே கொடுக்காமல் கொடுத்ததாகக் கையெழுத்துப் போடுகிறவரை, பி.பி. பார்க்காமல் நம்பர் எழுதுகிறவரை நானே வெளியே அனுப்புவேன், அனுப்பியும் இருக்கிறேன். அது தவறு இல்லை, பொய். இந்தப் பெண் பொய் சொல்லவில்லை. அவளைத் திரும்பவும் சொட்டுக் கணக்குப் போடவையுங்கள், பத்து நாள் மேற்பார்வையில் வையுங்கள், வான்கோமைசின் பற்றி வகுப்பில் அவளையே பேசவிடுங்கள். அதெல்லாம் பயிற்சி. படம் எடுத்துப் பரப்பியது எந்தப் பாடத்திட்டத்தில் இருக்கிறது?

அந்தப் படத்தை முதலில் எடுத்தவர் அந்த அறையில் இருந்த பெரியவர்களில் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். கடிதம் மாணவியின் கையிலிருந்து மேசைக்குத்தானே போயிருக்கும். எனக்கு இதுதான் ரொம்ப வலிக்கிறது. நம்பி ஒப்படைத்த காகிதம் அது.

தங்கச்சி, இது உன் கண்ணில் படுமா என்று தெரியவில்லை. உன்னால் முடிந்த பத்தடியை என்னால் நடக்க முடியவில்லை. உன்னோடு படிக்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும், நீ போஸ்டிங்கை மட்டும் விட்டுவிடாதே. யாராவது நிற்கவைத்தால் எனக்கு எழுது, நான் வந்து பேசுகிறேன்.

குழு அட்மின்களுக்கு ஒரு வேண்டுகோள். கடிதத்தில் பெயரை மறைத்திருக்கிறீர்கள், சரி. கையெழுத்து அப்படியே இருக்கிறது. அவளோடு படிக்கிற எல்லோருக்கும் அது யாருடையது என்று தெரியும். இன்று ராத்திரிக்குள் அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள்.