விரித்த படுக்கையைக் கலைக்கும் பெண்: ஒரு குறும்படத்தின் முதல் 90 நொடி

1950களின் அமெரிக்க இல்லத்தரசியின் மனப்புழுக்கம் பற்றிக் குறும்படம் என்றதுமே முதல் ஷாட் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஜன்னலோரம் வெறித்துப் பார்க்கும் பெண், கையில் ஆறிப்போன காபி. தயவுசெய்து அதை எடுக்காதீர்கள். முகம் வாடி நிற்பவளைக் காட்டிய மறுநொடியே 'ஓ, இவள் சோகமாக இருக்கிறாள்' என்று பார்ப்பவர் முடிவு கட்டிவிடுவார். அப்புறம் மிச்சப் படத்தில் அவர் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?

அவள் கையாலாகாதவள் இல்லை, வேலையில் படுகெட்டிக்காரி. காலை ஒன்பதுக்கே வீடு பளிச்சென்று ஆகிவிடும். பிள்ளைகள் திரும்ப மூன்று மணி. இடையில் கிடக்கும் ஆறு மணி நேரத்தை என்ன செய்வதென்று தெரியாததுதான் அவள் பிரச்சினை. தொடக்கக் காட்சி அந்தக் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட வேண்டும், அழுகையை அல்ல.

முதலில் ஆண்டை முடிவு செய்யுங்கள். வெறும் 'ஐம்பதுகள்' என்று எழுதிக் கொடுத்தால் ஆர்ட் டைரக்டர் பழைய விளம்பரப் படங்களைப் பார்த்து எதையாவது வாங்கி வைப்பார். என் தேர்வு 1957 செப்டம்பர். 1950இல் அமெரிக்கப் பெண்களின் முதல் திருமண இடைநிலை வயது 20.3, அதாவது மணமானவர்களில் பாதிப் பேர் அந்த வயதுக்குள்ளேயே மணமானவர்கள். அப்படி இருபதை ஒட்டிக் கல்யாணம் ஆனவளுக்கு 1957இல் முப்பதுகூட ஆகியிருக்காது, கடைசிக் குழந்தைக்கு ஆறு வயது. செப்டம்பர் முதல் திங்கள் லேபர் டே, அமெரிக்காவின் தொழிலாளர் தின விடுமுறை. அதை ஒட்டிப் பல ஊர்களில் பள்ளி திறக்கும். கடைக்குட்டியும் பள்ளிக்குப் போகிற முதல் நாள், வீடு முதன்முறையாகக் காலி. நாற்பத்தைந்து வயது நடிகையைப் போட்டால் இந்தக் கணக்கு குலையும். வெளியே சிவந்த இலைகளைக் கொட்டி வைக்கவும் வேண்டாம், அந்த வாரத்தில் மரங்கள் பச்சையாகத்தான் இருக்கும்.

பத்து நிமிடப் படம் என்றால் தொடக்கக் காட்சிக்கு 90 நொடி தாராளம். சாப்பாட்டு மேசையில் நான்கு தட்டுகள்; அவள் அடுக்கி எடுக்கிறாள். கார் கிளம்பும் சத்தம் வெளியிலிருந்து மட்டும், காரைக் காட்டாதீர்கள் (வாடகையும் மிச்சம்). இது 20 நொடி. அடுத்த 35 நொடி படுக்கை விரிப்பது. பிறகு 10 நொடி அவள் சும்மா நிற்கிறாள், சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது அடிக்கப் பத்து நிமிடம். அதன்பின் விரிப்பை உருவிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள், 15 நொடி. மிச்சம் டைட்டில்.

அந்தப் படுக்கைதான் உயிர். எலாஸ்டிக் வைத்த விரிப்பு கூடாது. அதை மாட்டினால் வேலை முடிந்தது, பார்க்க ஒன்றும் இல்லை. சாதாரண பருத்தி விரிப்பை மருத்துவமனை மடிப்பாக மடிக்க வேண்டும். கால்மாட்டில் விரிப்பை மெத்தைக்கடியில் செருகி, மூலையிலிருந்து ஒன்றரை அடி தள்ளிப் பக்கவாட்டு ஓரத்தைத் தூக்கி முக்கோணமாக மெத்தைமேல் போட்டு, கீழே தொங்குவதைச் செருகி, முக்கோணத்தை இறக்கி அதையும் செருகுவது. நடிகை இதைக் கையைப் பார்க்காமல் செய்யும் வரை ஒத்திகை வேண்டும். தடுமாறினால் அவள் பல வருடமாகச் செய்கிறவள் என்பது பொய்யாகிவிடும். ஒவ்வொரு டேக்கிலும் துணி கசங்கும் என்பதால் ஒரே மாதிரி ஆறு விரிப்புகளாவது இஸ்திரி போட்டுத் தயாராக இருக்கட்டும். முதல் முறை விரிப்பதைக் கைகளின் குளோசப்பில் வேகமாக வெட்டுங்கள். உருவிப் போடுவது மட்டும் கேமரா அசையாத ஒரே ஒயிடு ஷாட், இடையில் கட் இல்லாமல்.

ஃப்ரேம் 4:3 போதும், பழைய டிவி போலச் சதுரத்தை ஒட்டிய வடிவம். 1953இல் சினிமாஸ்கோப் என்ற அகலத்திரை வந்துவிட்டது உண்மைதான், ஆனால் அகல ஃப்ரேம் என்றால் இரண்டு பக்கமும் இன்னும் எத்தனை அடி சுவரை அலங்கரிப்பது? பழைய போட்டோ மாதிரிப் பழுப்பேற்றும் செபியா வேண்டவே வேண்டாம். அது காலத்தைக் காட்டாது, ஃபில்டரைத்தான் காட்டும். இளம்பச்சை, வெளிர்மஞ்சள் எல்லாம் சுவரிலும் துணியிலும் இருக்கட்டும். வீடு நிஜமாகவே அழகாக இருக்க வேண்டும். கேலிக்காகப் பூசிய அழகு தெரிந்தால் அவளையும் சேர்த்துக் கேலி செய்கிறோம்.

பின்னணி இசை வேண்டாம். அக்கால உற்சாகப் பாட்டைப் போட்டு 'முரண்' காட்டுவது தேய்ந்த உத்தி. அதோடு பாடலுக்கும் ஒலிப்பதிவுக்கும் தனித்தனியாக உரிமை வாங்க வேண்டும். பதிலுக்கு ஃப்ரிஜ்ஜின் உறுமல். ஷாட் எடுக்கும்போது ஃப்ரிஜ்ஜை அணைத்துவிட்டு, உறுமலைத் தனியாகப் பதியுங்கள். திரும்பப் போட மறக்காமலிருக்க வண்டிச் சாவியை ஃப்ரிஜ்ஜுக்குள் வைப்பது சவுண்ட்காரர்களின் பழைய தந்திரம். ஆள் நடமாட்டம் இல்லாமல் ஒரு நிமிடம் ரூம் டோனும் (அறையின் இயல்பான அமைதிச் சத்தம்) எடுத்துவிடுங்கள். கடிகாரத்துக்கு முன் அவள் நிற்கும் பத்து நொடி அதை நம்பித்தான் இருக்கிறது.

பொருட்களில் சறுக்குவது சின்ன இடங்களில். தபால் உறையில் ஜிப் கோடு (அமெரிக்க அஞ்சல் குறியீட்டு எண்) இருக்கக் கூடாது, அது 1963இல்தான் வந்தது. பெறுநர் இடத்தில் 'மிஸஸ்' போட்டுக் கணவனின் முழுப்பெயர். அவள் பெயர் எங்கும் இல்லை. வசனம் இல்லாமலே விஷயம் போய்ச் சேரும். பார்கோடு 1974க்குப் பிறகு. அமெரிக்கக் கொடியைக் காட்டினால் அப்போதைய 48 நட்சத்திரம். மில்டவுன் என்ற அமைதி மாத்திரை 1955இலேயே சந்தைக்கு வந்துவிட்டது, அதனால் மாத்திரைக் குப்பியை வைக்கக் கை துறுதுறுக்கும். தொடக்கத்தில் வைக்காதீர்கள், கேள்வி எழுமுன்னே பதில் சொல்லிவிடும். பின்னால் வைத்தாலும் அழுத்தித் திருகும் மூடி கூடாது, அது 1970களின் சமாச்சாரம்.

வாய்ஸ் ஓவரில் அவள் தன் நிலையை அலசவும் கூடாது. அந்த அலசலை ஊரறியப் பேசவைத்த, அமெரிக்கப் பெண்ணிய எழுத்தாளர் பெட்டி ஃப்ரீடனின் புத்தகம் 1963இல்தான் வந்தது. 1957இல் இவளிடம் கேட்டால் 'களைப்பாக இருக்கிறது' என்பாள், அவ்வளவுதான்.

எடிட் முடிந்ததும் கதை தெரியாத இரண்டு பேருக்குச் சத்தத்தை அணைத்துப் போட்டுக் காட்டுங்கள். 'பாவம்' என்றால் அந்தப் பத்து நொடியில் நடிகை முகத்தால் நடித்துவிட்டார் என்று பொருள். வேறு டேக் தேடுங்கள். 'ஏன் மறுபடி விரிக்கிறாள்?' என்று கேட்டால் அப்படியே விட்டுவிட்டு இரண்டாவது காட்சிக்குப் போகலாம்.