காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம் தேவை

“காய்ச்சல் விட்டாச்சா, டெங்கு போயாச்சு. பப்பாளி இலைச் சாறு குடித்தால் பிளேட்லெட்டும் ஏறிவிடும்” என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறு. அதன் முதல் பாதி ஆபத்தானதும்கூட.

டெங்குவில் உடல் மோசமாவது பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான்: காய்ச்சல் தொடங்கிய 3 முதல் 7ஆம் நாளுக்குள் வரும் இந்தக் கட்டம் 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிகிறது, ரத்தம் கெட்டியாகிறது. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் எல்லோரும் பிளேட்லெட்டையே தேடுகிறார்கள். அதே தாளில் உள்ள பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) எண்ணையும் பாருங்கள். பிளேட்லெட் சரியச் சரிய பிசிவி ஏறினால், நீர் கசிகிறது என்று பொருள். உடம்பு தொட்டால் சில்லென்று இருக்கும். காய்ச்சல் விட்டதென்று நினைத்து வீட்டில் ‘தேறிவிட்டான்’ என்பார்கள்.

கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், கறுப்பு மலம், அசதி அல்லது நிலைகொள்ளாமை, 6 மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பப்பாளிச் சாறு உயிர் காக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. கசிவுக் கட்டம் கடந்ததும் பிளேட்லெட் தானாகவே ஏறும். பெயரைச் சாறு தட்டிக்கொண்டு போகிறது. வெறும் வயிற்றில் அந்தக் கசப்பைக் குடித்து வாந்தி எடுத்தால், இருக்கும் நீரும் போய்விடும். ஓ.ஆர்.எஸ்., கஞ்சி, இளநீர், மோர் என்று சிறுகச் சிறுகக் கொடுங்கள்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், மருத்துவர் சொன்ன அளவில். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் ரத்தக்கசிவைக் கூட்டும். உடம்புவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரைகள் பலவற்றில் இவை இருக்கின்றன. அட்டையைத் திருப்பிப் படியுங்கள்.