பொருளாதாரப் பட்டம் இல்லாதவர் கேட்ட கேள்வி
பொருளாதாரம் முறையாகப் படிக்காத பத்திரிகையாளர் நிபுணர்களை மறுத்து எழுதுவது வீண் என்று இங்கே வெளியான கட்டுரை சொல்வதை என்னால் ஏற்கவே முடியவில்லை. பத்திரிகையாளர் ஜில்லியன் டெட் மானுடவியலில் முனைவர் பட்டம் பெற்றவர், தஜிகிஸ்தானில் திருமணச் சடங்குகளை ஆராய்ந்துவிட்டு ஃபைனான்ஷியல் டைம்ஸ் என்ற பிரிட்டிஷ் வணிக நாளிதழில் சேர்ந்தவர். கடனைத் துண்டு போட்டுப் பலர் தலையில் கட்டிவிட்டால் ஆபத்து குறைந்துவிடும் என்று வங்கிகள் நம்பியிருந்த காலத்தில், 2008 உலக நிதி நெருக்கடிக்கு முன்பே அந்தக் கடன் சந்தையைப் பற்றி எச்சரித்தார். யாரும் பேசாத இடத்தைக் கவனிக்க அவருக்குச் சொல்லித்தந்தது அந்தச் சடங்கு ஆராய்ச்சிதான் என்று நினைக்கிறேன். இதெல்லாம் குருட்டு அதிர்ஷ்டம் என்று மேலே கருத்திட்ட ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இல்லை நண்பரே. பத்திரிகையாளர் பெத்தனி மெக்லீன் 2001 மார்ச்சில் ஃபார்ச்சூன் என்ற அமெரிக்க வணிக இதழில் என்ரான் என்ற பெரிய எரிசக்தி நிறுவனத்தைப் பற்றி எழுப்பியது எளிய கேள்வி: இந்த நிறுவனம் எப்படித்தான் பணம் சம்பாதிக்கிறது? அதே ஆண்டு டிசம்பரில் என்ரான் திவால் மனு கொடுத்தது. நான் பல ஆண்டுகள் கணக்குத் தணிக்கையில் இருந்தவன். ஒரு நிறுவனத்தின் ஏட்டில் ஆண்டுக்காண்டு லாபம் ஏறிக்கொண்டே போனது, வங்கி இருப்போ அசையவில்லை. வரவேண்டிய பாக்கி மட்டும் பக்கம் பக்கமாக நீண்டது. அதைச் சுட்டிக்காட்டியபோது, "இந்தத் தொழிலே அப்படித்தான் சார்" என்று என் வாயை அடைத்தார்கள். எழுத எனக்கொரு பத்திரிகை இல்லையே என்ற வருத்தம் இன்றும் இருக்கிறது.